பெட்டிக்குள் இல்லாத பாகங்கள்

திண்டுக்கல்லில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு சின்ன ரிப்பேர் கடை. ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டி.வி. மெக்கானிக் படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன். பிக்சர் டியூப் டி.வி.யும் டேப் ரெக்கார்டரும் சோறு போட்ட காலம் போய்விட்டது. இப்போது என் மேஜைக்கு வருபவை போன் சார்ஜர், கொசு பேட், எமர்ஜென்சி லைட், பவர் பேங்க், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பாட்டுப் பாடும் பொம்மை. ஏறக்குறைய எல்லாமே கப்பலில் வந்தவை, அல்லது கப்பலில் வந்த பாகங்களை இங்கே பூட்டியவை. ‘எரியலண்ணே’, ‘ஏறலண்ணே’ என்று கொண்டுவந்து நீட்டுவார்கள். மூடியைத் திறந்ததும், எது கெட்டிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே எது விட்டுப்போயிருக்கிறது என்று என் கண் தேடும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவருக்கு இந்தப் பழக்கம் தேவைப்படவில்லை. அவர் காலத்து ரேடியோவில் ஒரு பாகம் இல்லையென்றால் ரேடியோ பாடாது. இன்றைய மலிவுச் சாமானில் உயிரைக் காக்கும் பாகத்தை எடுத்துவிட்டாலும் சாமான் ஓடும். கேடு அங்கேதான் தொடங்குகிறது.

போன் சார்ஜரையே எடுத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு வேலை. 230 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைப்பது ஒன்று. வீட்டு மின்சாரத்தையும் நம் கையில் இருக்கும் போனையும் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாமல் பிரித்து வைப்பது இன்னொன்று. முதல் வேலையை எல்லாச் சார்ஜரும் செய்யும். செய்யாவிட்டால் போன் ஏறாது, வாங்கியவர் அன்றைக்கே கடையில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிடுவார். இரண்டாவது வேலையைச் செய்யாவிட்டால் யாருக்கும் தெரியாது. வருடக்கணக்காகத் தெரியாமலேயே இருக்கலாம்.

நல்ல சார்ஜரின் போர்டைத் திருப்பிப் பிடித்தால் நடுவே ஒரு காலி இடம் தெரியும். அதற்கு இந்தப் பக்கம் கரண்ட், அந்தப் பக்கம் போன். இரு பக்கத்துச் செம்புக் கோடுகளுக்கும் நடுவே குறைந்தது ஐந்தாறு மில்லிமீட்டர் விட்டிருப்பார்கள். தூசியும் ஈரமும் சேர்ந்து கரண்ட்டுக்கு வழி கொடுத்துவிடக் கூடாதென்று சிலவற்றில் போர்டையே அந்த இடத்தில் அறுத்து ஒரு பிளவு விட்டிருப்பார்கள். அந்தக் காலி இடத்தைத் தாண்ட மூன்று பொருளுக்குத்தான் உரிமை: டிரான்ஸ்ஃபார்மர், ஆப்டோகப்ளர், நீல நிறத்தில் வட்டமாக ஒரு கண்டென்சர். அந்தக் கண்டென்சரின் மேல் ‘ஒய்1’ என்று அச்சடித்திருக்கும். பழுதானாலும் ஷார்ட் ஆகாதபடி அதற்கென்றே செய்து, சோதித்து விடுகிற பொருள் அது.

பிளாட்பாரத்தில் வாங்கிய நூறு ரூபாய்ச் சார்ஜரில் அந்தக் காலி இடம் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். ‘ஒய்1’ இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண செராமிக் கண்டென்சர் உட்கார்ந்திருக்கும். அது ஷார்ட் ஆனால் கரண்ட் நேராக யு.எஸ்.பி. வயரில் இறங்கிவிடும். டிரான்ஸ்ஃபார்மரின் மஞ்சள் டேப்பைப் பிரித்தால், மூன்று சுற்று இன்சுலேஷன் இருக்க வேண்டிய கம்பி வெறும் எனாமல் கம்பியாக இருக்கும். அதற்கும் கீழே ஓடும் 230 வோல்ட் சுற்றுக்கும் நடுவில் ஒரே ஒரு மடிப்பு டேப். ஃபியூஸ் இருக்காது. இவை எல்லாவற்றையும் முறையாகப் போட்டால் மொத்த விலைக்கு ஒரு சார்ஜருக்குச் சில ரூபாய் கூடும், அவ்வளவுதான்.

‘சார்ஜ்ல போட்டுப் போனைத் தொட்டா சுருசுருங்குது’ என்று பலரும் சொல்வார்கள். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. நல்ல சார்ஜரிலும் ‘ஒய்1’ வழியாக மிக மிகச் சிறிய கசிவு உண்டு. உலோகச் சட்டம் போட்ட போனில் அது சுருசுருப்பாகத் தெரியும், கெடுதல் செய்யாது. மோசமான சார்ஜரும் முதலில் அதே சுருசுருப்பைத்தான் காட்டும். ஆகவே வாங்கியவர் பார்த்தும் தெரிந்துகொள்ள முடியாது, தொட்டும் தெரிந்துகொள்ள முடியாது. கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்து வாங்குவதுபோல இதை வாங்க வழியில்லை. நுகர்வோர் விழிப்போடு இருக்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு இதை நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

சீனச் சாமான் என்றாலே மட்டம் என்கிற பேச்சையும் நான் ஏற்கமாட்டேன். பெரிய கம்பெனி போனோடு பெட்டியில் வந்த சார்ஜர்களிலும் ‘மேட் இன் சைனா’ என்றுதான் எழுதியிருந்தது. அவற்றையும் நிறையத் திறந்திருக்கிறேன். காலி இடம் இருக்கும், பிளவு இருக்கும், நீலக் கண்டென்சர் இருக்கும், ஃபியூஸ் இருக்கும். அந்த நாட்டுக்காரனுக்குச் செய்யத் தெரியும். கேட்டு வாங்குகிறவன் என்ன விலை சொன்னான், எந்தச் சோதனையைக் கேட்டான், கேட்காமல் விட்டான் என்பதைப் பொறுத்துத்தான் சாமான் அமைகிறது. இறக்குமதி செய்கிறவர் நம் ஊர்க்காரர்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எந்த நாட்டுப் பிளக்கையும் வாங்கிக்கொள்ளும் ஓட்டைகள், மேலே ‘2500 வாட்’ என்று பெரிய எழுத்து, நான்கைந்து சுவிட்ச், யு.எஸ்.பி. துளைகள். போன மழைக்காலத்தில் ஓர் அக்கா பாதி உருகிய பாக்ஸோடு வந்தார். இண்டக்‌ஷன் அடுப்பைச் சொருகியிருக்கிறார். வயரைக் கத்தியால் சுரண்டிக் காட்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம், அதிலும் தலைமுடி மாதிரி இழைகள். மூன்றாவது ஓட்டை, எர்த் ஓட்டை, இருந்தது. அதற்குள் தகடும் இருந்தது. அந்தத் தகட்டிலிருந்து எந்த வயரும் கிளம்பவில்லை. வந்த வயரே இரண்டு கோர்தான். ‘மூணு பின்னு சொருவுனா எர்த் இருக்குன்னுதானண்ணே நெனைப்போம்?’ என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் ஐ.எஸ். 1293 என்று இந்தியத் தரம் இருக்கிறது. அந்தப் பாக்ஸில் அந்த எண்ணும் இல்லை, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இல்லை. கடைக்காரர் பில்லும் கொடுக்கவில்லை.

என்னை மிகவும் கலங்க வைப்பது கொசு பேட். தமிழ்நாட்டில் அது இல்லாத வீடு அபூர்வம். குழந்தைகள் கையில்தான் அதிகம் இருக்கிறது. வலையில் ஓடுகிற ஆயிரத்துச் சொச்சம் வோல்ட்டைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். நான் பயப்படுவது கைப்பிடியில் இருக்கும் சார்ஜிங் பகுதியைப் பார்த்து.

கைப்பிடியின் அடியில் இரண்டு பின் வெளியே தள்ளும், அப்படியே சுவரில் சொருகுவோம். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. ஒரு பின்னிலிருந்து வரும் கரண்ட்டைச் செவ்வகமான ஒரு கண்டென்சர் கட்டுப்படுத்துகிறது. பிறகு நான்கு டயோடு, அங்கிருந்து நேராக 4 வோல்ட் பேட்டரி. இன்னொரு பின்னுக்கு அந்தக் கண்டென்சர்கூட இல்லை. நேராக டயோடுக்குப் போகிறது. இரண்டு பின் பிளக்கை எப்படித் திருப்பியும் சொருகலாம். ஒரு திருப்பில் பேட்டரிக்கும் ஃபேஸுக்கும் நடுவே கண்டென்சர் இருக்கும். மறு திருப்பில் அதுவும் இருக்காது. சார்ஜில் இருக்கும் நேரம் முழுவதும் பேட்டரி, சுவிட்ச், டார்ச் லைட் எல்லாமே வீட்டுக் கரண்ட்டோடு ஒட்டியிருக்கின்றன. நான்கு வோல்ட் பேட்டரிதானே என்று தொடுகிறவன் தொடுவது 230 வோல்ட்டை. கண்டென்சர் நடுவில் இருக்கும் திருப்பிலும் நிம்மதி இல்லை. அந்தக் கண்டென்சர் 1 மைக்ரோஃபாரட் என்றால் சுமார் 70 மில்லியாம்பியர் வரை விடும். வீட்டில் ஆள் காக்க மாட்டுகிற ஆர்.சி.சி.பி. 30 மில்லியாம்பியரிலேயே விழ வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். எழுபதில் என்ன ஆகும் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

இப்படி டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத சுற்றே தப்பு என்று சொல்ல முடியாது. உறை முழுவதும் மூடியிருந்து, விரல் போக வழியே இல்லாமல், உடையாத பிளாஸ்டிக்கில் செய்தால் அது ஏற்கக்கூடிய முறைதான். ஆனால் கொசு பேட் என்பது கீழே விழுகிற சாமான். கட்டிலிலிருந்து விழும், சுவரில் அடிபடும், கைப்பிடி விரியும். விரிந்த பேட்டில் செல்லோடேப் சுற்றி மறுபடி சார்ஜில் போடுவார்கள். டார்ச் கண்ணாடி கழன்ற இடத்தில் எல்.இ.டி.யின் கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். என் மேஜைக்கு அப்படித்தான் வருகின்றன.

‘சுவத்துலேர்ந்து பிடுங்குனப்புறம் பின்னைத் தொட்டா ஷாக் அடிக்குதுண்ணே’ என்றும் சொல்வார்கள். அதற்கும் காரணம் இல்லாத ஒரு பாகம்தான். அந்தக் கண்டென்சருக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டர் போட்டால், பிளக்கைப் பிடுங்கியதும் உள்ளே தேங்கிய கரண்ட் சீக்கிரம் வடிந்துவிடும். ஒரு ரூபாய்கூட ஆகாத ரெசிஸ்டர். போர்டில் அதற்கு இடம் அச்சடித்திருக்கும், இரண்டு துளைகூடப் போட்டிருக்கும், பாகம் மட்டும் இருக்காது. வரைந்தவனுக்கு அது வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. பூட்டியவன் விட்டுவிட்டான். என்னிடம் வருகிற பேட்களில் கேட்காமலேயே ஒன்றைப் பற்றவைத்துவிடுவேன், அதற்குக் காசு வாங்குவதில்லை. கைப்பிடி விரிந்த பேட்டை மட்டும் எவ்வளவு கேட்டாலும் சரிசெய்து தரமாட்டேன். ‘பக்கத்துக் கடையில பண்ணித் தர்றாங்க’ என்று கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு.

2021 ஏப்ரலில் மத்திய அரசு கொசு பேட் இறக்குமதிக்கு ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. கப்பல் கூலி, காப்பீடு சேர்த்து ஒரு பேட்டின் விலை 121 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் இறக்குமதி செய்யக் கூடாது. அதைப் படித்தபோது சந்தோஷப்பட்டேன், பிறகு யோசித்தேன். அது விலையைப் பார்க்கும் விதி. உள்நாட்டுத் தயாரிப்பாளரைக் காப்பாற்ற அது உதவும், அதில் தவறில்லை. ஆனால் 120 ரூபாய் பேட்டில் இல்லாத ரெசிஸ்டர் 122 ரூபாய் பேட்டில் இருக்கும் என்று அந்த விதி சொல்லவில்லை. அதற்குப் பிறகு ‘மேட் இன் இந்தியா’ என்று அட்டையில் எழுதிய பேட்கள் நிறைய வருகின்றன. திறந்தால் அதே சுற்று, அதே காலித் துளைகள். 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் கீழே உள்ள சிகரெட் லைட்டருக்கும் இதேபோல விலையை வைத்துத் தடை வந்தது. கோவில்பட்டி, சிவகாசிப் பக்கத்துத் தீப்பெட்டித் தொழிலாளிகளுக்கு அது வாழ்வு. அதை மனதார வரவேற்கிறேன். என் கேள்வி வேறு: வீட்டுக்குள் வரும் சாமானின் உட்புறத்தை யார் பார்ப்பது?

பார்ப்பதற்கென்று சட்டம் இல்லாமல் இல்லை. 2012-ல் மின்னணுச் சாமான்களுக்குக் கட்டாயப் பதிவு ஆணை வந்தது. முதலில் 15 வகை. அது 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. 2014-ல் மேலும் 15 வகையைச் சேர்த்தார்கள். செல்போன், அடாப்டர், பவர் பேங்க், எல்.இ.டி. பல்பு எல்லாம் அப்போதுதான் உள்ளே வந்தன. தொழிற்சாலை எந்த நாட்டில் இருந்தாலும் மாதிரியை இந்தியத் தர நிர்ணய அமைவனம், அதாவது பி.ஐ.எஸ்., அங்கீகரித்த ஆய்வகத்தில் சோதித்து, பதிவு எண் வாங்க வேண்டும். ‘ஆர்’ என்ற எழுத்தும் எட்டு இலக்கமும் கொண்ட அந்த எண் சாமானின் மேல் இருக்க வேண்டும். இந்த ஆணை வீண் போகவில்லை. பதிவு எண் ஒழுங்காக உள்ள சார்ஜர்களைத் திறக்கும்போது பெரும்பாலும் நான் தேடுவது உள்ளே இருக்கிறது. ஒய்1 என்ற எழுத்தை என் மேஜையில் இப்போது முன்பைவிட அதிகம் பார்க்கிறேன்.

பொம்மையிலும் கண்கூடாக மாற்றம் வந்தது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அதற்கு முன்பு, 2020-ல், இறக்குமதி வரியையும் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதத்துக்கு ஏற்றியிருந்தார்கள். ரிப்பேருக்கு வந்த பழைய இறக்குமதிப் பொம்மைகளில் பட்டன் பேட்டரி மூடியை நகத்தால் நெம்பினாலே திறந்துவிடும். முத்திரை உள்ள பொம்மையில் அந்த மூடிக்கு ஸ்குரூ இருக்கிறது. காசு அளவு லித்தியம் பேட்டரியைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும். தீர்ந்துபோனது என்று தூக்கிப் போட்ட பேட்டரியிலும் அந்த ஆபத்து உண்டு. ஒரு ஸ்குரூவின் மதிப்பு அவ்வளவு. விதி வந்ததால் அந்த ஸ்குரூ வந்தது.

ஆனால் திருவிழாக் கடையிலும் சந்தையிலும் முத்திரை இல்லாத பொம்மை இன்றும் கிடைக்கிறது. சார்ஜரில் நடப்பது அதைவிட மோசம். எண்ணையே பொய்யாக அச்சடித்துவிடுகிறார்கள். பி.ஐ.எஸ். கேர் என்று போனில் ஒரு செயலி இருக்கிறது. எண்ணைப் போட்டால் யாருடைய பதிவு, என்ன சாமான், பதிவு உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். கடைக்கு வரும் சாமானின் எண்ணை நான் போட்டுப் பார்ப்பது வழக்கம். ஒரு பவர் பேங்கின் எண்ணைப் போட்டால் வேறொரு கம்பெனியின் எல்.இ.டி. விளக்கு வந்தது. இன்னொன்றுக்கு ஒன்றுமே வரவில்லை. முதலில் சொன்ன பவர் பேங்கின் உள்ளே இருந்த செல்லில் ‘9800 எம்.ஏ.எச்.’ என்று எழுதியிருந்தது. 18650 என்கிற அந்த அளவுச் செல்லில் நல்ல கம்பெனி தருவதே 3500 வாக்கில்தான். தராசில் வைத்தேன். நல்ல செல் 45 கிராம் இருக்கும். இது 30-ஐத் தாண்டவில்லை.

துறைமுகத்தில் பரிசோதிக்கிறார்கள், பிடிக்கிறார்கள், உண்மை. ஆயிரக்கணக்கான பெட்டிகளில் சிலவற்றைத்தான் அங்கே திறக்க முடியும். அதைத் தாண்டி வந்த சாமான் மொத்த வியாபாரி, சில்லறைக் கடை, பிளாட்பாரம் என்று இறங்கி திண்டுக்கல்லுக்கு வரும்போது அதைக் கேட்பார் இல்லை. இத்தனை காலத்தில் எங்கள் தெருவில் யாரும் வந்து அலமாரியிலிருந்து ஒரு சார்ஜரை எடுத்துப் பில் போட்டு வாங்கி, திறந்து பார்த்ததாக நான் கண்டதும் இல்லை, கேள்விப்பட்டதும் இல்லை. தராசுக்கு முத்திரை போட அதிகாரி வருகிறார். ஓட்டலில் எண்ணெயைப் பார்க்க உணவுப் பாதுகாப்பு அலுவலர் வருகிறார். சார்ஜருக்கு யாரும் வருவதில்லை.

விற்கிறவருக்கும் சட்டத்தில் பொறுப்பு உண்டு என்பது பல கடைக்காரர்களுக்கே தெரியாது. கட்டாயத் தரம் உள்ள சாமானை முத்திரையில்லாமல் விற்றால் 2016-ஆம் ஆண்டின் பி.ஐ.எஸ். சட்டப்படி இரண்டாண்டு வரை சிறை, அல்லது முதல் தடவைக்குக் குறைந்தது இரண்டு லட்சம் ரூபாய் அபராதம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், தயாரித்தவர் யார் என்றே தெரியாத சாமானால் கேடு வந்தால் விற்றவரிடம் நஷ்டஈடு கேட்கலாம். பக்கத்துக் கடைத் தம்பிக்கு இதைச் சொன்னேன். ‘அப்ப நான் என்னண்ணே செய்றது? ஒரிஜினல் நானூறு ரூபா. வர்றவங்க நூறு ரூபாதான் வச்சிருக்காங்க’ என்றான். அவன் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. வருகிறவர்கள் கூலி வேலைக்குப் போகிறவர்கள். ஆனால் நூறு ரூபாய் வைத்திருக்கிறவருக்கு எர்த் இல்லாத பாக்ஸ்தான் கிடைக்கும் என்றால், அவர் வீட்டில்தான் ஆர்.சி.சி.பி.யும் இருக்காது, ஈரத் தரையில் வெறுங்காலோடு நடப்பதும் அவர் வீட்டில்தான். பாதுகாப்பு விட்டுப்போன சாமான் போய்ச் சேருவது பாதுகாப்பே இல்லாத வீட்டுக்கு. இதைச் சந்தையே பார்த்துக்கொள்ளும் என்று விடுவது எனக்குச் சம்மதமில்லை.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. மாவட்டத்துக்கு ஒரு சின்னக் குழு போதும். மாதாமாதம் சாதாரண வாடிக்கையாளராகக் கடைகளில் சாமான் வாங்கி, திறந்து, அளந்து, படத்தோடு முடிவை உள்ளூர்ப் பத்திரிகையில் போடட்டும். ஆய்வகம் வரைக்கும் போக வேண்டியது கொஞ்சம்தான் இருக்கும். காலி இடத்தை அளக்க ஒரு ஸ்கேல் போதும், கம்பியைச் சுரண்ட ஒரு கத்தி போதும். எங்கள் மாதிரி மெக்கானிக்குகளைக் கூப்பிட்டால் கூலி வாங்காமல் வருவோம். பிளாட்பாரக்காரரைப் பிடித்து அபராதம் போடுவதோடு நிற்காமல், அவருக்குச் சரக்கு போட்டவர், அவருக்கு இறக்குமதி செய்து கொடுத்தவர் என்று பில்லைப் பிடித்து மேலே போக வேண்டும். பில் இல்லாமல் சரக்கு வாங்கினால் அந்த வழி அறுந்துபோகும் என்பதைச் சில்லறைக் கடைக்காரர்களும் புரிந்துகொள்ள வேண்டும்.

அதுவரைக்கும் வீட்டில் செய்யக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். சார்ஜர், பவர் பேங்க் வாங்கும்போது அந்த எட்டு இலக்க எண்ணைக் கடையில் நின்றபடியே செயலியில் போட்டுப் பாருங்கள். கம்பெனிப் பெயரும் சாமானின் பெயரும் ஒத்து வந்தால் மட்டும் காசைக் கொடுங்கள், பில் கேட்டு வாங்குங்கள். சார்ஜில் இருக்கும் போனைக் குளியலறைக்கோ படுக்கைக்கோ கொண்டுபோகாதீர்கள். அயர்ன் பாக்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு, ஹீட்டர் இவற்றை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகாதீர்கள். கொசு பேட்டைக் குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் சார்ஜ் போடுங்கள், பிடுங்கியதும் பின்னைத் தொடாமல் உள்ளே தள்ளுங்கள். கைப்பிடியில் விரிசல் விட்டிருந்தால் டேப் ஒட்ட வேண்டாம், ரிப்பேருக்கும் கொண்டுவர வேண்டாம். அந்தப் பேட்டை அன்றைக்கே தூக்கிப் போட்டுவிடுங்கள்.